மீண்டும் நிகழாதது

டுலூத், மே பதினைந்து.
காலாண்டு முடிந்து நாற்பத்தைந்தாம் நாள்.
ஏரியில் இன்னும் இரண்டு பனிப்பாளங்கள்
எங்கே போவதென்று தெரியாமல் கிடக்கின்றன.
மாலை ஐந்துக்குள் சிகாகோவுக்கு
என் கையெழுத்துப் போய்ச் சேர வேண்டும்:
மார்லிஸ் என்கர், நிதித் தலைவர்,
நார்த்பே வார்ப்பாலை.
நான் அறிந்தவரை, நம்பியவரை, எல்லாம் ஒழுங்கு.

எங்கள் கடனுக்குச் சுழல் கடன் என்று பெயர்.
எடுக்கலாம், கட்டலாம், மறுபடி எடுக்கலாம்.
கிணறு மாதிரிதான்.
வாளி என்னுடையது, கயிறு வங்கியின் கையில்.
வெள்ளிக்கிழமைச் சம்பளத்துக்கு இறைப்பேன்,
டிராக்டர் கம்பெனியின் செக் வந்ததும்
திருப்பி ஊற்றுவேன்.
பதினோரு வருஷம்.
தரை தட்டியும் பார்த்ததில்லை, நிரம்பியும் பார்த்ததில்லை.

கயிற்றில் முடிச்சுகள் உண்டு.
நூற்று நாற்பத்திரண்டு பக்க ஒப்பந்தத்தில்
ஆறாம் பிரிவு முழுக்க முடிச்சு:
கடன், லாபத்தைப் போல் மூன்றே முக்கால் மடங்கைத் தாண்டக் கூடாது.
புது இயந்திரத்துக்கு ஆண்டுக்கு இவ்வளவுக்கு மேல் செலவிடக் கூடாது.
கேட்காமல் விற்கக் கூடாது, கேட்காமல் வாங்கக் கூடாது.
கேட்காமல் சாகக் கூடாது என்று மட்டும்
யாரும் எழுதவில்லை.

இன்று காலைக் கணக்கு:
கடன் நாலு கோடியே பத்து லட்சம்.
வட்டிக்கும் வரிக்கும் தேய்மானத்துக்கும் முன்னால்
பன்னிரண்டு மாத லாபம் ஒரு கோடியே எட்டு லட்சம்.
வகுத்தால் மூன்று புள்ளி எட்டு.
மிஞ்சி நிற்கும் அந்தப் புள்ளி பூஜ்யம் ஐந்தின் மேல்
முந்நூற்றுப் பத்துப் பேர் நிற்கிறார்கள்.

ட்ரென்ட் ஸ்கோக்லண்ட், என் உதவியாளன்,
வரையறைப் பக்கத்தைத் திருப்பி வைத்தான்.
"வழக்கத்துக்கு மாறான, மீண்டும் நிகழாத செலவுகளை
லாபத்தோடு திரும்பக் கூட்டிக்கொள்ளலாம்."
பென்சில் கோடு.
ஓரத்தில் ஒரே ஒரு பெயர்: குயலா.

வெர்ன் குயலா. பிப்ரவரி ஒன்பது, இரவு ஷிப்ட்.
மூன்றாம் நம்பர் கிரேனின் பிரேக் வழுக்கி
உருகிய இரும்போடு வாளி ஓர் அடி இறங்கியது.
ஓர் அடிதான்.
காப்பீட்டுக்கு மேல் ஐலாவுக்கு, அவர் மனைவிக்கு,
நாங்கள் கொடுத்தது இரண்டு லட்சத்து இருபதாயிரம் டாலர்.

கூட்டினேன். வகுத்தேன்.
மூன்று புள்ளி ஏழு இரண்டு.
ட்ரென்ட் மூச்சு விட்டான். நானும்தான்;
அதை எழுதாமல் விட்டால்
இந்தக் கவிதையும் ஒரு சான்றிதழ் ஆகிவிடும்.

மதியம் சிகாகோவிலிருந்து டன்லீவி:
"மீண்டும் நிகழாது, இல்லையா மார்லிஸ்?"
நல்ல மனிதர். மகளுக்குப் பல்லில் கம்பி கட்டியதையெல்லாம் சொல்லுவார்.
படிவத்துக்காகத்தான் கேட்டார்.
வெர்னுக்கு நிகழாது என்றேன்.
சிரிக்கவில்லை அவர். அதற்காக நன்றி.

கிரேனில் இன்னும் அதே பிரேக்தான்.
போன அக்டோபரில் புதிது கேட்டு வந்த சீட்டில்
'வரம்பு முடிந்தது, அடுத்த ஆண்டு பார்க்கலாம்' என்றிருப்பது
என் எழுத்து, என் நீல மை.
அடுத்த ஆண்டும் வந்தது.
அதன் வரம்பை உலை தின்றுவிட்டது.

நாலு ஐம்பதுக்குக் கையெழுத்திட்டேன்.
நாலு ஐம்பத்தைந்துக்குச் சுழல் கடனிலிருந்து
தொண்ணூறாயிரம் இறைத்தேன்.
காரணம் கேட்கும் கட்டத்தில் 'பழுதுபார்ப்பு' என்று போட்டேன்.
புதிது என்றால் முடிச்சு இறுகும்;
பழுதுக்கு வரம்பு எழுத மறந்திருக்கிறார்கள்.
அடுத்த காலாண்டு லாபத்தை அது கடிக்கும்,
கடிக்கட்டும்.
முதல் பொய்யை மெய்யாக்க
இரண்டாவதுக்கு வட்டி கட்டுகிறேன்,
ஏழரை சதவீதம்.

பிரேக் வியாழக்கிழமை வருகிறது.
வட்டி இன்றே தொடங்கிவிட்டது.